கதவில் ஏறிப் போன ஆட்டக்காரர்கள்

கிளெம் ஹுடாக்குக்கு அந்தப் பள்ளத்தாக்கில் எல்லார் வீட்டு நிலவறையும் தெரியும். கேஸ் கம்பெனியில் மீட்டர் பார்க்கிற உத்தியோகம். மீட்டர்கள் இருப்பது நிலவறையில். யார் வீட்டில் எத்தனை ஜாடி பீட்ரூட் ஊறுகாய் அடுக்கியிருக்கிறது, எந்தப் பெரியவர் கொதிகலனுக்குப் பின்னால் விஸ்கி புட்டியை ஒளித்து வைத்திருக்கிறார், எந்த வீட்டில் புருஷன் கோபித்துக்கொண்டு கீழே கட்டில் போட்டுப் படுக்கிறான் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. ஆனால் கீழே பார்த்த எதையும் படியேற்றிக் கொண்டுவர மாட்டான். "எங்க அண்ணன் வாயும் கேஸ் குழாயும் ஒண்ணு. கசிஞ்சா தெருவே போயிடும்" என்பான் தம்பி ரே.

நிலவறைகளில் அவன் கண் தேடியது ஒரே ஒரு சாமானைத்தான். ஆற்றோடு மேலே ஆறு மைல் போனால் ஓர் அச்சகம். சூயிங்கம் பொட்டலத்துக்குள் வைக்கிற பேஸ்பால் ஆட்டக்காரர் கார்டுகளை அங்கேதான் அடித்தார்கள். ஒரு பெரிய அட்டைத்தாளில் பதினொன்றுக்குப் பத்து, ஆக நூற்றுப் பத்து முகங்கள். வெட்டினால் கார்டு. மை அதிகமாகிவிட்டது, நிறம் விலகிவிட்டது என்று ஒதுக்கிவிட்டால் வெறும் கழிவு. கழிவானாலும் நல்ல கெட்டி அட்டையாயிற்றே! வேலையாட்கள் சுருட்டி எடுத்து வந்து ஜாடிப் பலகைக்கு விரித்தார்கள், நிலவறை ஜன்னலில் குளிர்காற்றுக்குத் தடுப்பாக ஆணியடித்தார்கள்.

அந்த முழுத்தாள்களைத்தான் கிளெம் சேர்த்தான். வண்டியில் எப்போதும் பூப்போட்ட அலமாரி விரிப்பு ஒரு சுருள் கிடக்கும். "அம்மா, உங்க பலகையில இருக்கிற பழைய அட்டையை எடுத்துக்கிட்டு இந்த ரோஜாப்பூத் தாளை விரிச்சுத் தரட்டுமா?" என்று தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்பான். நூறில் தொண்ணூறு வீட்டில் சரி என்பார்கள். ஜாடிகளை இறக்கி, தூசி தட்டி, அளவாக மடித்துக் கிழித்து விரித்து, ஜாடிகளைத் திரும்ப அடுக்கிவிட்டுத்தான் கிளம்புவான்.

தனிக்கட்டை. ஆற்றங்கரைக்கு இரண்டு தெரு தள்ளி, தரைத்தளத்தில் இரண்டு அறை. ஒரு அறை முழுக்க, மூடிப்போன பள்ளிக்கூடத்திலிருந்து வாங்கிவந்த வரைபட அலமாரி. அகலமான தட்டை இழுப்பறைகள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய் வந்ததும் ஒரு இழுப்பறையைத் திறந்து, நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒரு தாளைப் பார்த்துக்கொண்டே இருப்பான். அறுபத்தோரு தாள்கள்.

"சின்னப் பசங்க கார்டு சேப்பாங்க. இவன் கார்டு ஆகாம போனதைச் சேக்குறான்" என்று ரே கிண்டலடிப்பான். "ஏன் அண்ணே, ஒரு முகத்தைப் பாக்கிறதுக்கு நூத்தி ஒம்பது பேரையும் சேத்து வச்சிருக்கே?"

"அவங்க அப்படித்தானே பொறந்தாங்க" என்பான் கிளெம். இன்னொரு நாள் கேட்டால், "பெருசா இருக்கு, பாக்க நல்லா இருக்கு" என்பான். ஒரே பதிலை இரண்டு முறை சொன்னதில்லை.

கொடுக்க மாட்டேன் என்ற வீடுகளில் முதலாவது ரெஜினா வாஷ்கோவின் வீடு. அவள் அந்த அச்சகத்தில் கட்டிங் மெஷினில் வேலை பார்த்தாள். கல்யாணமாகவில்லை, அப்பா இறந்த பிறகு வீட்டில் தனியாக இருந்தாள். அதே அச்சகத்தில் கூட்டிப் பெருக்கியவர் அவள் அப்பா. நிலவறையின் ஒரு சுவர் முழுக்க ஒன்பது முழுத்தாள்களைப் பசை போட்டு ஒட்டியிருந்தார். முதல் தடவை அந்தச் சுவரைப் பார்த்த கிளெம் மீட்டரை மறந்துவிட்டான்.

"மீட்டர் இந்தப் பக்கம் இருக்கு" என்றாள் ரெஜினா, படியில் நின்றபடி. "அந்தப் பக்கம் என்ன வாசிக்கிறீங்க?"

"இதெல்லாம் அம்பத்தி நாலாம் வருஷத்துத் தாளுங்க. வெட்டாதது."

"எனக்குத் தெரியாதா? நான் வெட்டியிருக்க வேண்டியதுதானே."

"குடுப்பீங்களா? பதிலுக்கு ரோஜாப்பூத் தாள்..."

"பதினெட்டு வயசுலேருந்து காலையில போய் நின்னா சாயங்காலம் வரைக்கும் இதைத்தான் வெட்டுறேன். இங்க பாருங்க." இடது கையை நீட்டினாள். ஆள்காட்டி விரலின் நுனி இல்லை. "விரலையும் சேத்து வெட்டியிருக்கேன். நீங்க என்னடான்னா வெட்டாததுதான் ஒசத்திங்கிறீங்க. என் பொழப்பையே கேலி பண்ற மாதிரி இருக்கு."

"ஐயோ, அந்த அர்த்தத்துல கேக்கலைங்க."

"உரிச்சா சுவரும் சேந்து வரும். மீட்டரைப் பாத்துட்டுக் கிளம்புங்க, கேஸ்காரரே."

மூன்று மாதத்துக்கு ஒருமுறை மீட்டர் பார்க்கப் போவான். ஒவ்வொரு முறையும் கேட்பான். அவளும் இல்லை என்பாள். இரண்டாம் வருஷத்திலிருந்து அவன் வருகிற நாளில் அடுப்பில் காப்பி தயாராக இருந்தது. "இல்லைன்னு சொல்றதுக்கு முன்னாடி ஒரு வாய் குடிச்சுக்கோங்க" என்பாள். கசகசா வைத்துச் சுருட்டிய ரொட்டியில் ஒரு துண்டும் தட்டில் இருக்கும். ஆறு வருஷம் இப்படியே போயிற்று. இருவருக்கும் அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை.

எழுபத்தி இரண்டாம் வருஷம் ஜூன் மாதம் விடாமல் மழை. சஸ்குவேஹானா ஆறு கரையின் உச்சி வரைக்கும் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை விடிந்ததும் ஊரில் கை கால் உள்ளவர்கள் எல்லாரும் கரைமேல் நின்றார்கள். மணல் மூட்டை கைமாறிக் கைமாறிப் போனது. கிளெம்முக்கு இந்தப் பக்கம் ரே, அந்தப் பக்கம் யாரோ ஒரு கல்லூரி வாத்தியார்.

"அண்ணே, ஓடிப்போய் உன் தாளையெல்லாம் மாடி வீட்டுக்காரங்ககிட்ட ஏத்திட்டு வந்துடு" என்றான் ரே. "பத்து நிமிஷ வேலை. நான் பாத்துக்கிறேன்."

கிளெம் வரிசையைப் பார்த்தான். ஓர் ஆள் விலகினால் மூட்டை ஓர் ஆள் தூரம் எறியப்பட வேண்டும். பக்கத்தில் நின்ற வாத்தியாருக்கு ஏற்கெனவே மூட்டை கையிலிருந்து நழுவிக்கொண்டிருந்தது.

"மூட்டையைக் குடு" என்றான்.

பதினோரு மணிக்குச் சங்கு ஊதியது. விட்டுவிட்டு ஓடுங்கள் என்று அர்த்தம். அவர்கள் மேட்டை நோக்கி ஓடும்போதே பின்னால் கரையைத் தாண்டித் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.

நான்கு நாள் கழித்து ஊருக்குள் விட்டார்கள். தெருவெல்லாம் காப்பிக்கொட்டை நிறத்தில் சேறு. கிளெம்மின் அறைக் கூரை வரை தண்ணீர் நின்று வடிந்திருந்தது. வரைபட அலமாரி ஊதிப்போய்த் திறக்க மறுத்தது, கடப்பாரையால் நெம்பினான். அறுபத்தோரு தாளும் ஒன்றோடொன்று ஒட்டி, ஈரமான ஒரே பாளமாக இருந்தது. இருவரும் தூக்கி வந்து முற்றத்தில் வைத்தார்கள். கிளெம் மண்டியிட்டு உட்கார்ந்து, மேல் தாளின் மூலைக்கடியில் ஒரு மழுங்கிய கத்தியை நுழைத்தான். ஒரு முகம் பாதியாகக் கிழிந்து வந்தது.

"கேஸ்காரரே! கத்தியைக் கீழ போடுங்க!"

தெருவில் ரெஜினா நின்றாள். இடுப்பு வரை சேறு, கையில் மண்வெட்டி, தலையில் அவள் அப்பாவின் தொப்பி.

"ஒண்ணொண்ணாப் பிரிச்சா காஞ்சிடும்னு பாத்தேன்..." என்றான் கிளெம்.

"ஒட்டின தாளை மூலையைப் புடிச்சு இழுப்பாங்களா? மெஷின்ல தண்ணி பட்ட கட்டு எத்தனை நான் பிரிச்சிருக்கேன்! காயவும் விடக்கூடாது. இந்த வெயில்ல ஒரு நாள் கிடந்தா செங்கல் மாதிரி ஆயிடும். நல்ல தண்ணியில முக்கணும். தண்ணிக்குள்ளயே வச்சு வழுக்கிப் பிரிக்கணும்."

"நல்ல தண்ணிக்கு எங்க போறது? குடிக்கிறதுக்கே ராணுவ லாரியில வருது" என்றான் ரே.

ரெஜினா யோசித்தாள். "மேட்டுல கன்னியர் மடம் இருக்குல்ல. கெணறு இருக்கு. துணி துவைக்கிற தொட்டி பெருசு."

பாளத்தைத் தூக்க ஏதாவது தட்டையாக வேண்டுமே. ரே வீட்டுக்குள் போய் அறைக் கதவையே கீல் கழற்றிக் கொண்டுவந்தான். கதவின்மேல் தாள்களை வைத்து, ஈரப் போர்வையால் மூடி, முன்னால் கிளெம்மும் பின்னால் ரேயும் தூக்கினார்கள். லாரி போக வழியில்லை. சேற்றில் அடி மேல் அடி வைத்து நடந்தார்கள். ரெஜினா பக்கத்தில் போர்வையைப் பிடித்தபடி வந்தாள்.

தெருவில் சாமான்களை வாரிக்கொண்டிருந்தவர்கள் இவர்களைக் கண்டதும் வேலையை நிறுத்தினார்கள். ஒரு பெரியவர் தொப்பியைக் கழற்றினார். ஒரு அம்மா சிலுவை போட்டுக்கொண்டார்.

"யாருப்பா போயிட்டாங்க?" என்று மெதுவாகக் கேட்டார் பெரியவர்.

"யாரும் போகலை ஐயா" என்றான் ரே. "பேஸ்பால்காரங்க. நீச்சல் தெரியாதவங்க."

நான்கு நாளாக அந்தத் தெருவில் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். அந்தப் பெரியவருக்குத்தான் முதலில் வெடித்தது. பிறகு எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே இரண்டு பேர் வந்து கதவுக்கு ஆளுக்கொரு பக்கம் தோள் கொடுத்தார்கள்.

மடத்தின் துவைக்கும் கொல்லைக்குப் பொறுப்பாக இருந்தவர் சிஸ்டர் யுலாலியா. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வீடிழந்த முந்நூறு பேர் தங்கியிருந்தார்கள். அவர்களின் துணிமணியெல்லாம் அவர் தொட்டிகளில்தான். போர்வையை விலக்கிப் பார்த்தார்.

"இதுக்கு ஒரு தொட்டியைக் குடுக்கச் சொல்றீங்களா? ஊரே கந்தலா நிக்குது, நீங்க சீட்டு விளையாட்டைத் தூக்கிட்டு வந்திருக்கீங்க."

"சிஸ்டர், சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடுவோம். அதுக்கப்புறம் உங்க துணியை நாங்க ரெண்டு பேரும் பிழிஞ்சு தர்றோம்" என்றாள் ரெஜினா. கிளெம்மைக் கேட்காமலே அவனையும் சேர்த்துக்கொண்டாள்.

சிஸ்டர் குனிந்து மேல் தாளின் ஒரு முகத்தை விரலால் துடைத்தார். "இவன் பிலடெல்பியாவுக்கு ஆடினவன்தானே? அடிக்கவேண்டிய நேரத்துல மட்டையைத் தோள்ல வச்சிட்டு நிப்பான், தூங்குமூஞ்சி" என்றார். கடைசித் தொட்டியைக் காட்டினார்.

ரெஜினா முழங்கை வரை கையைத் தண்ணீரில் விட்டு, உள்ளங்கையை இரண்டு தாளுக்கு நடுவே தட்டையாகச் செலுத்தினாள். இழுக்கவில்லை, தண்ணீரே போய்ப் பிரிக்கும்வரை பொறுத்திருந்தாள். பிரிந்த தாளின் அடியில் குளியலறைத் திரை ஒன்றைத் தாங்கலாகக் கொடுத்து இருவரும் தூக்கினார்கள். கொடியில் பழைய படுக்கை விரிப்பை மடித்துப் போட்டு, அதன்மேல் தாளைச் சாத்தினார்கள்.

"கிளிப் போடாதீங்க. கனம் தாங்காம காது அறுந்துடும்" என்றாள்.

"சரிங்க."

"அப்படியில்லை, நடுவுல புடிங்க. கொழந்தையைத் தூக்கினதே இல்லையா?"

"இல்லைங்க."

அவள் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு அடுத்த தாளைப் பிரிக்கக் கையைத் தண்ணீரில் விட்டாள்.

பாளத்தின் மேலும் அடியிலும் இருந்தவை கூழாகிவிட்டிருந்தன. நடுவில் இருந்த இருபத்து மூன்று மட்டும் தேறின. மதியத்துக்குள் கன்னியரின் எட்டுக் கொடிகளிலும் இரண்டாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம் ஆட்டக்காரர்கள் தொங்கினார்கள். பள்ளிக்கூடத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். இரவல் சட்டை, பொருந்தாத செருப்பு. கொடிகளுக்கு நடுவே நடந்து பெயர்களை வாய்விட்டு வாசித்தார்கள். "இவனைப் பாரு, இவன் அடிச்ச பந்தை எங்கப்பாவும் நானும் மைதானத்துல உக்காந்து பாத்தோம்" என்றது ஒரு குரல். பெரிய நட்சத்திரமும் ஒரே ஒரு மாதம் ஆடிவிட்டுப் போனவனும் அதில் ஒரே அளவுதான்.

ஐந்தாவது கொடியில் ஓர் அம்மா நெடுநேரமாக ஒரே தாள் முன்னால் நின்றுகொண்டிருப்பதைக் கிளெம் கவனித்தான். கான்செட்டா மலகாரி. அவனுக்குத் தெரிந்த நிலவறைதான். அவர் மகன் டொமினிக் அந்தப் பள்ளத்தாக்கிலிருந்து பெரிய லீக்குக்குப் போன பந்து எறிபவன். ஐம்பத்தி ஏழில் ஒன்பது ஆட்டம். பிறகு தோள் போய்விட்டது. ஊர் திரும்பி லாரி ஓட்டினான். அறுபத்தி மூன்றில் பனி உறைந்த சாலையில் வண்டி சறுக்கி இறந்துபோனான். அவன் பெயரில் அச்சான கார்டு ஒன்றே ஒன்று. அதைச் சட்டம் போட்டுக் கணப்புக்கு மேல் மாட்டியிருந்தார்கள்.

"என் வீட்டுல ஒண்ணும் மிச்சமில்லைப்பா" என்றார் மிசஸ் மலகாரி, திரும்பாமலே. "அவன் போட்டோ ஒண்ணுகூட இல்லை. இங்க வந்து பாத்தா கொடியில தொங்குறான்."

டொமினிக் தாளின் நட்டநடுவில் இருந்தான். ஓரத்தில் இருந்திருந்தால் பரவாயில்லை. நடுவில் இருப்பவனை எடுக்க வேண்டுமானால் தாளைக் குடைந்துதான் எடுக்க வேண்டும்.

அந்த அம்மா எதுவும் கேட்கவில்லை. கிளெம் தொட்டிப் பக்கம் போனான்.

"ஒரு வெட்டு வேலை இருக்கு" என்றான் ரெஜினாவிடம்.

விஷயத்தைக் கேட்டு அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். "நெசமாத்தான் சொல்றீங்களா? உங்ககிட்ட கத்தரிக்கோலே கிடையாதுன்னு ரே சொன்னாரு."

"உங்ககிட்ட இருக்கும்ல."

தாள் காயும்வரை காத்திருந்தார்கள். சிஸ்டர் யுலாலியா தையல் பெட்டியிலிருந்து பெரிய கத்தரிக்கோலைக் கொண்டுவந்தார். இஸ்திரி மேசையில் தாளை விரித்து, கிளெம் இரண்டு உள்ளங்கையாலும் அழுத்திப் பிடித்தான். ரெஜினா அளவு பார்த்துக் கத்தரியின் முனையை வைத்தாள்.

"இரும்மா" என்றார் மிசஸ் மலகாரி. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். "பக்கத்துல இருக்கிற பையனுங்க யாரு?"

கிளெம் பார்க்காமலே சொன்னான். "எடது பக்கம் ஒரு கேட்சருங்க, டெக்சாஸ்காரர். வலது பக்கம் நிக்கிறவர் அயோவா. மூணாவது பேஸ்ல ஆடினவர்."

"அங்க போனப்போ பேச்சுத்துணைக்கு ஆளில்லைன்னு எனக்குக் காயிதம் போட்டான். சாப்பாடு எறங்கலைன்னு எழுதினான்." அவர் விரல் இரண்டு பக்கமும் போய் வந்தது. "அந்த ரெண்டு பேரையும் சேத்து வெட்டிக் குடு. தனியா வேண்டாம்."

ரெஜினா மூன்று பேரையும் சேர்த்து ஒரு பட்டையாக வெட்டினாள். கை ஒரு மயிரிழைகூட விலகவில்லை. மிசஸ் மலகாரி அதை வாங்கி, சிஸ்டர் தந்த ஜெபப் புத்தகத்துக்குள் வைத்து, புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்தார். நடுவில் நீளவாக்கில் ஓட்டை விழுந்த தாளைக் கிளெம் கொடிக்கே கொண்டுபோய்ச் சாத்தினான்.

"வலிக்குதா?" என்று கேட்டாள் ரெஜினா.

"இல்லை. நீங்க வெட்டுறப்போ சத்தமே வரலை."

"மெஷின்ல வெட்டுறப்போ ஒருத்தர் முகத்தையும் பாத்ததில்லை நான்" என்றாள். "இன்னிக்குத்தான் பாத்தேன்." கத்தரிக்கோலை மூடிக்கொண்டே, "எங்கப்பா சுவர் போயிடுச்சு, கிளெம். ஒம்பது தாளும் தரையில கஞ்சியாக் கிடந்துச்சு. மண்வெட்டியால வாரிப் போட்டேன். முன்னாடியே உங்களுக்குக் குடுத்திருக்கலாம்" என்றாள்.

அவள் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"குடுத்திருந்தா என் அலமாரியில மூழ்கியிருக்கும்" என்றான். "அதோட, காப்பியும் கிடைச்சிருக்காது."

சாயங்காலம் சொன்னபடி இருவரும் முந்நூறு பேரின் துணியைப் பிழிந்தார்கள். தாள்களை அழுத்திவைக்கக் கோயிலின் பாட்டுப் புத்தகங்களை எடுத்துக்கொள்ளச் சொன்னார் சிஸ்டர் யுலாலியா. அந்த ஞாயிறு பாட்டெல்லாம் மனப்பாடமாகவே நடந்தது.

வீடு போனவர்களுக்கு அரசாங்கம் மைதானத்தில் தகர வண்டி வீடுகளை வரிசையாக நிறுத்திக் கொடுத்தது. கிளெம்முக்கு ஒன்று, நான்கு வண்டி தள்ளி ரெஜினாவுக்கு ஒன்று. எழுபத்தி மூன்று மே மாதம் மடத்துக் கோயிலில் கல்யாணம். ரே ஒரு வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து, "அரசாங்கத்துக்கு ஒரு வீடு மிச்சம் அண்ணே" என்றான்.

வண்டி வீட்டுச் சுவரெல்லாம் ஜன்னல். தாள் மாட்ட இடமில்லை. ரெஜினாதான் கூரையைக் காட்டினாள். ஆறு தாள் கூரையின் உட்பக்கம் ஏறின. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் இருவரும் மல்லாந்து படுத்துக்கொண்டு பார்ப்பார்கள்.

"உனக்கு ஏன் வெட்டாத தாள் புடிக்கும்னு எனக்குத் தெரியும்" என்றாள் ஒருநாள்.

"ஏன்?"

"சுரங்கத்துல உங்கப்பா போனப்புறம் அஞ்சு புள்ளைங்களையும் ஆளுக்கொரு அத்தை வீட்டுக்குப் பிரிச்சு அனுப்பிட்டாங்க. ரேயை நீ மறுபடி பாத்தது பதினாறு வயசுல. அதான்."

கிளெம் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "அதெல்லாம் இல்லை. பெருசா இருக்கு, பாக்க நல்லா இருக்கு."

"பொய்யி."

"சரி, பொய்யின்னே வச்சுக்கோ."

மேட்டில் சின்னதாக ஒரு வீடு வாங்கிக் குடிபோனார்கள். எண்பதுகளில் திடீரென்று ஊரெல்லாம் பழைய கார்டுக்குப் பைத்தியம் பிடித்தது. பிலடெல்பியாவிலிருந்து ஒரு வியாபாரி வந்தான். தாள்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, "தண்ணிக் கறை, சேத்துக் கோடு. இந்தத் தாள்ல மூணு பேரையே காணோம். யாருங்க இப்படிப் பண்ணினது?" என்று உதட்டைப் பிதுக்கினான்.

"நான்தான்" என்றாள் ரெஜினா. "எவ்வளவு நேரா வெட்டியிருக்கேன் பாத்தீங்களா?"

அவன் காப்பியைக் குடித்துவிட்டு வெறுங்கையோடு போனான். கிளெம் அன்று முழுக்க உற்சாகமாக விசிலடித்தபடி இருந்தான்.

எழுபதைத் தொடும்போது அவன் கண் மங்க ஆரம்பித்தது. ஓரம் தெரியும், நடுவில் மட்டும் புகை. டாக்டர் இனி தேறாது என்றார். ஒரு வாரம் அவன் யாரோடும் பேசவில்லை. எட்டாம் நாள் காலை, ரெஜினா சமையலறை மேசையைத் துடைத்து, ஒரு தாளை விரித்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் வரிசையிலிருந்து வாசித்தாள். பெயர், ஊர், எந்த இடத்தில் ஆடினான், சிரிக்கிறானா முறைக்கிறானா, தொப்பி நேராக இருக்கிறதா.

அதற்குப் பிறகு தினமும் காலைக் காப்பிக்கு அப்புறம் ஒரு வரிசை. தன் முன்னோர்களின் செக்கோஸ்லோவாக்கியப் பெயர்களைச் சரியாகச் சொல்லிவிடுவாள். ஐரிஷ் பெயர் வந்தால் வேண்டுமென்றே கொலை செய்வாள்.

"அது அப்படியில்லைடி" என்று கிளெம் சிரிப்பான்.

"நீ வந்து வாசி, அப்போ."

"ஏழாவது ஆளு சிரிக்கிறானா?"

"சிரிக்கிறான். ஒரு பல்லு இல்லை."

"ஆமா" என்பான் கிளெம், நாற்காலியில் சாய்ந்துகொண்டு. "மேல போ."